கொத்தமல்லிக்குள்ள மல்லி எப்படி வந்துச்சு? ஆசிரியருக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பரோட வார இணைப்புல மூலிகைப் பேருக்கெல்லாம் அர்த்தம் சொல்ற ஒரு சின்ன பகுதி வந்துட்டிருக்கு, அதை விடாம படிக்கிற வாசகர்ங்கற உரிமையில இதை எழுதறேன். கொத்தமல்லி பத்தி வந்ததுல ரெண்டு விஷயம் போட்டிருந்தீங்க. கொத்து கொத்தா வளர்ற மல்லிங்கறதால கொத்தமல்லின்னு பேர் வந்துச்சுங்கறது ஒண்ணு. இங்கிலீஷ்ல கொரியாண்டர்னு சொல்றது, கிரேக்க மொழியில மூட்டைப்பூச்சிக்கு இருக்கிற கோரிஸ்ங்கற சொல்லுலருந்து வந்தது, இலையோட வாடை அப்படி இருக்கிறதாலதான்ங்கறது இன்னொண்ணு. ரெண்டையும் சந்தேகத்துக்கே இடமில்லாத முடிவு மாதிரி போட்டிருக்கீங்க, ஆனா ரெண்டுமே அப்படி முடிஞ்சுபோன விஷயம் இல்ல, அதைவிட முக்கியம், இந்த ரெண்டு கதைக்கும் நடுவுல ஒரு அழகான ஒற்றுமை இருக்கு, அதை நீங்க தவறவிட்டுட்டீங்கன்னு எனக்கு மனசு தாங்கல. கடிதம் கொஞ்சம் பெரிசா போகும். இடம் இல்லேன்னா வெட்டிக்கலாம், ஆனா பாணினி வர்ற இடத்தையும் களிமண் பலகை வர்ற இடத்தையும் மட்டும் தயவுசெஞ்சு விட்டுடுங்க.

முதல்ல தமிழ்ப் பேரையே எடுத்துக்குவோம். கொத்து, மல்லின்னு பிரிச்சா கேக்க நல்லா இருக்கு, செடியைப் பாத்தாலும் பொருந்தற மாதிரிதான் இருக்கு, ஏன்னா அதோட பூ ஒரு காம்பு நுனியிலருந்து குடைக்கம்பி மாதிரி விரிஞ்சு கொத்தாத்தான் பூக்கும், காயும் அப்படித்தான் கொத்தா நிக்கும். கேரட், சீரகம், ஓமம் எல்லாமே இந்தக் குடும்பம்தான், இந்தக் குடும்பத்துக்கே தாவரவியல்ல பழைய பேரு அம்பெல்லிஃபெரே, குடை தாங்கறதுன்னு அர்த்தம். அதனால கொத்துங்கற பாதி சரின்னு வச்சுக்கிட்டாலும் மல்லிங்கற பாதி என்ன? மல்லின்னு சொன்னா நமக்கு ஞாபகம் வர்றது மல்லிகை. மல்லிகை ஆலிவ் மரத்தோட குடும்பம், கொத்தமல்லிக்கும் அதுக்கும் இலையிலயும் ஒற்றுமை கிடையாது, பூவுலயும் கிடையாது, வாசனையில சுத்தமா கிடையாது. அப்புறம் ஏன் ஒருத்தர் இதைப் பாத்து மல்லின்னு பேர் வைக்கணும்? உங்க பகுதி இந்தக் கேள்வியைத் தொடவே இல்ல.

இப்ப பக்கத்து மொழிகளைப் பாருங்க. கன்னடத்துல கொத்தம்பரி. துளுவுலயும் கொத்தம்பரி. தெலுங்குல கொத்திமீர. மராத்தியில கோதிம்பீர். குஜராத்தியில கோத்மீர். இது எல்லாமே ஒரே சொல்லுதான்னு காதுலயே தெரியுது, ஆனா இதுல ஒண்ணுலயும் மல்லி இல்ல. மல்லி இருக்கிறது தமிழ்லயும் மலையாளத்துலயும் மட்டும்தான், சிங்களத்துலயும் கொத்தமல்லின்னே சொல்றாங்க. கன்னடக்காரங்களுக்கும் மராத்திக்காரங்களுக்கும் மல்லிகைப் பூ தெரியாதா என்ன, நல்லாவே தெரியும், அவங்க மொழியிலயும் மல்லிகே, மல்லிகான்னு சொல்லு இருக்கு. ஆனா இந்தச் செடியோட பேர்ல அதை அவங்க சேக்கல. அப்போ இந்தப் பேரோட பழைய வடிவத்துல மல்லி இருந்திருக்க வாய்ப்பு ரொம்பக் கம்மி, பின்னாடி வந்து ஒட்டிக்கிட்டதுன்னு நினைக்கிறதுதான் நியாயம்.

பேரைப் பிரிச்சுப் பாக்கிறதே தப்புன்னு நான் சொல்லவரல. சில மூலிகைக்கு அது கச்சிதமா வேலை செய்யும். கீழாநெல்லியையே எடுங்க, இலைக்காம்புக்குக் கீழ வரிசையா குட்டி நெல்லிக்காய் மாதிரி காய் தொங்கும், பேரே அடையாளம் சொல்லிடுது. இதை எப்படி நம்பறதுன்னு கேட்டா, பக்கத்து மொழிக்குப் போகணும். தெலுங்குல நேல உசிரி, தரை நெல்லின்னு அர்த்தம். சமஸ்கிருதத்துல பூம்யாமலகி, பூமி நெல்லி. இந்தியில புயி ஆவ்லா, அதே பூமி நெல்லிதான். சத்தம் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்ல, ஆனா அர்த்தம் பக்கத்து பக்கத்துல நிக்குது, எல்லாரும் செடியைக் கண்ணால பாத்து அவங்கவங்க மொழியில நெல்லியோட சேத்துப் பேர் வச்சிருக்காங்க. கொத்தமல்லி விஷயத்துல நேர் தலைகீழ். எல்லா மொழியிலயும் சத்தம் ஒத்துப்போகுது, அர்த்தம் எதுலயும் ஒத்துப்போகல, சொல்லப்போனா கொத்தம்பரின்னா என்ன அர்த்தம்னு கன்னடத்துல கேட்டா அது அந்தச் செடியோட பேருங்கறதைத் தவிர வேற பதில் வராது. சத்தம் மட்டும் ஊர் ஊரா போயிருக்குன்னா அது கைமாறி கைமாறி வந்த சொல்லு. அர்த்தம் மட்டும் போயிருக்குன்னா அது அந்தந்த ஊர்ல உக்காந்து பாத்து வச்ச பேரு. உங்க பகுதியை எழுதறவங்க இந்த ஒரு சோதனையை மட்டும் செஞ்சிருந்தாலே கொத்து மல்லி கணக்கு இடிக்குதுன்னு தெரிஞ்சிருக்கும்.

சரி, கைமாறி வந்த சொல்லுன்னா எங்கருந்து? சமஸ்கிருதத்துல இதுக்கு குஸ்தும்புருன்னும் குஸ்தும்பரின்னும் பேரு இருக்கு. குஸ்தும்பரி எங்க, கொத்தமல்லி எங்கன்னு தோணும், ஆனா படி படியா போனா ரொம்ப நெருக்கம். ஸ்த ங்கற கூட்டு, சமஸ்கிருதத்தை ஒட்டின பழைய பேச்சு மொழியான பிராகிருதத்துல த்த ஆயிடும், ஹஸ்தம் இப்படித்தான் ஹத்த ஆகி இந்தியில ஹாத் ஆச்சு, தமிழ்ல அத்தம் ஆச்சு. அடுத்து முதல்ல இருக்கிற உகரம் ஒகரமா மாறும். ரெண்டும் சேந்து நடந்ததுக்கு நம்ம கையிலயே ஒரு உதாரணம் இருக்கு, புஸ்தகம். பாலி மொழியில அது பொத்தக, பழைய தமிழ்ல பொத்தகம்னே எழுதியிருக்காங்க. புஸ்தகம் பொத்தகம் ஆன அதே வழியில குஸ்தும்பரி கொத்தும்பரி ஆகும், ஒரு எழுத்து கூட வலிஞ்சு இழுக்க வேண்டியதில்ல. சொற்பிறப்பு பாக்கறவங்க இந்த மாதிரி ஜோடியைத்தான் தேடுவாங்க, ஏன்னா ஒரு சொல்லுல மட்டும் நடந்த மாற்றத்தை எப்படி வேணாலும் கதை கட்டலாம், ரெண்டு மூணு சொல்லுல ஒரே மாதிரி நடந்திருந்தாத்தான் அதை வழின்னு சொல்ல முடியும்.

கொத்தும்பரியிலருந்து கொத்தமல்லிக்கு வர இன்னும் ரெண்டு அடிதான். ம்ப ங்கறதுல ப விழுந்துபோறது சகஜம், வேம்புக்கு சமஸ்கிருதத்துல நிம்ப, அதுதான் இந்தியில நீம் ஆச்சு. இந்தச் செடியோட பேர்லயே அது நடந்திருக்கு பாருங்க, மராத்தி கோதிம்பீர்ல ப இருக்கு, குஜராத்தி கோத்மீர்லயும் தெலுங்கு கொத்திமீரவுலயும் ப காணோம். கடைசி அடி ர, ல ஆகறது. இதுவும் உலகம் பூரா நடக்கறதுதான், ஐரோப்பாவுல இதே செடியோட லத்தீன் பேரு கொரியாண்ட்ரம், அது பின்னாடி பேச்சுல கொலியாண்ட்ரம் ஆகி, அதுலருந்துதான் ஸ்பானிஷ்ல சிலான்ட்ரோன்னு வந்துச்சு, இப்ப அமெரிக்காவுல எல்லாரும் சொல்ற பேரு அதுதான். நம்ம ஊர்ப் பேருக்கும் அவங்க ஊர்ப் பேருக்கும் சம்பந்தமே இல்லேன்னாலும் ர எழுத்துக்கு ரெண்டு இடத்துலயும் ஒரே கதிதான்.

ஆனா சத்தம் மட்டும் தானா உருண்டு மல்லியில வந்து நின்னுச்சுன்னு நான் நினைக்கல. காது அதுக்கு உதவி பண்ணியிருக்கு. அர்த்தம் தெரியாத ஒரு நீள சொல்லு வாயில வருது, முதல் பாதி கொத்து மாதிரி கேக்குது, அது நமக்குத் தெரிஞ்ச சொல்லு, செடியும் கொத்தாத்தான் பூக்குது. ரெண்டாவது பாதி மரின்னோ மலின்னோ முடியுது, அதுக்குப் பக்கத்துல நமக்குத் தெரிஞ்சது மல்லி. வீட்டுக்கு வந்த புது ஆளோட பேரு வாயில நுழையலேன்னா பாட்டி தனக்குத் தெரிஞ்ச ஒரு பேரா மாத்திக் கூப்பிடுவாங்க இல்லையா, அப்படித்தான். அதனால உங்க பகுதியில சொன்ன கொத்து, மல்லி ரெண்டும் சும்மா பொய்ன்னு நான் தள்ளல, அது பேரோட பிறப்பு இல்ல, பேருக்கு நம்ம ஆளுங்க பின்னாடி கொடுத்த உருவம். இந்த வித்தியாசத்தை மட்டும் நீங்க எழுதியிருந்தா நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்கவே மாட்டேன்.

அந்த உருவம் எவ்வளவு உறுதியா நின்னுச்சுன்னு பாருங்க. இன்னிக்கு தெற்கு மாவட்டங்கள்ல கொத்துங்கறதையே விட்டுட்டாங்க, மல்லின்னாலே இந்தச் செடிதான், மல்லித்தழை, மல்லி விதை. மலையாளத்துலயும் மல்லின்னா இதுதான். அதாவது பிறப்புல இல்லாத, காதால சேத்த அந்தப் பாதி இப்ப முழுப் பேரா ஆயிடுச்சு. இது நம்ம பேச்சும் மலையாளமும் செஞ்ச வேலை, கன்னடமோ தெலுங்கோ மராத்தியோ செய்யல. இதைப் பெருமையா சொல்றதுக்கு எவ்வளவோ இருக்கும்போது கொத்தா வளர்ற மல்லின்னு ஒரே வரியில முடிச்சுட்டீங்களேன்னுதான் வருத்தம்.

இந்த இடத்துல சில வாசகர்கள் கோவப்படுவாங்கன்னு எனக்குத் தெரியும், தமிழ்ச் சொல்லைக் கொண்டுபோய் வடமொழி கணக்குல எழுதிட்டியேன்னு. அவங்களுக்காகத்தான் பாணினி. கி.மு. காலத்துல வாழ்ந்த இலக்கணக்காரர், அஷ்டாத்யாயின்னு சுமார் 4,000 சூத்திரம் எழுதி வச்சவர், அதுல ஆறாவது அத்தியாயத்துல இந்தச் செடிக்குன்னே ஒரு தனி சூத்திரம் இருக்கு. எதுக்குத் தெரியுமா? கு, தும்புருன்னு ரெண்டா பிரிச்சா சேக்கும்போது குதும்புருன்னுதான் வரணும், நடுவுல ஒரு ஸ் நிக்கறதுக்கு அவர்கிட்ட இருந்த பொது விதி எதுலயும் இடமில்ல. அதனால இந்தச் செடி வகையைச் சொல்லும்போது மட்டும் ஸ் வரும்னு ஒரு விதியை இதுக்காகவே போட்டார். பின்னால வந்த காசிகா உரையில, மட்டமான தும்புருக் காய்னு சொல்ல வந்தா ஸ் இல்லாம குதும்புருன்னு வரும்னு விளக்கம் வேற. யோசிச்சுப் பாருங்க, ஒரு சொல்லு அந்த மொழிக்குள்ளயே பிறந்து வளந்திருந்தா அதுக்கு இப்படி ஒரு தனி ஏற்பாடு எதுக்கு? கிரேக்கம், லத்தீன் மாதிரி சமஸ்கிருதத்தோட உறவு மொழிகள்லயும் குஸ்தும்புருவுக்கு ஜோடி இல்ல. அதனாலதான் இது சமஸ்கிருதத்துக்கும் வெளியிலருந்து வந்த சொல்லா இருக்கணும்னு நினைக்கிற ஆய்வாளர்கள் இருக்காங்க. செடியே இந்த மண்ணுல பிறந்ததில்ல, மத்தியதரைக் கடலோட கிழக்குப் பக்கம், மேற்கு ஆசியான்னுதான் அதோட ஊரைச் சொல்றாங்க. வெளியிலருந்து வந்த செடி, கூடவே ஒரு பேரு, அதை சமஸ்கிருதம் தன் வாய்க்கு ஏத்த மாதிரி பண்ணிக்கிச்சு, பாணினி அதுக்கு ஒரு கதவு திறந்து விட்டார், நாம நம்ம வாய்க்கு ஏத்த மாதிரி பண்ணிக்கிட்டோம். இதுல யாரும் யாருக்கும் சொந்தக்காரங்க இல்ல, கோவப்படவும் ஒண்ணும் இல்ல.

சென்னைப் பக்கம் விதையை தனியான்னு சொல்றாங்களே, அது வேற வழி. சமஸ்கிருதத்துல இதுக்கு தான்யகன்னு இன்னொரு பேரு உண்டு, அதுலருந்து இந்தி தனியா. நம்ம தானியமும் அதே வேர்தான், அப்போ தனியான்னா தானியம் மாதிரி இருக்கிறதுன்னு எடுத்துக்கலாம். இங்கதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் வருது. சித்த மருத்துவத்துல கொத்தமல்லி விதைக்கு உருளரிசின்னு ஒரு பேரு இருக்கு, உருண்டையான அரிசி. தான்யகம், உருளரிசி, சத்தத்துல ஒட்டே இல்ல, அர்த்தத்துல பக்கத்து வீடு. கீழாநெல்லிக்குப் பாத்த அதே சோதனைதான், ரெண்டு மொழிக்காரங்களும் விதையைக் கையில வச்சுப் பாத்துத் தனித்தனியா வச்ச பேரு இதுன்னு தோணுது. இவ்வளவு தெளிவா அர்த்தம் சொல்ற உருளரிசியை உங்க பகுதி ஒரு வார்த்தை சொல்லல. கொத்தமல்லிக்கு சுத்தமான தமிழ்ப் பேரு வேணும்னு தேடறவங்களுக்கு மல்லியைப் பிடிச்சு இழுக்க வேண்டாம், இது ரெடியா இருக்கு.

இப்ப மூட்டைப்பூச்சிக்கு வருவோம். கிரேக்கத்துல இந்தச் செடி கொரியான்னோன், கொரியாண்ட்ரோன். மூட்டைப்பூச்சி கோரிஸ். ரெண்டும் ஒரே மாதிரி ஆரம்பிக்குது, பச்சை இலையும் பழுக்காத காயும் கசக்கினா சிலருக்குப் பூச்சி வாடை அடிக்கறதும் உண்மை, அதனால செடிக்குப் பூச்சியோட பேரை வச்சாங்கன்னு ரொம்ப நாளா புஸ்தகங்கள்ல எழுதிட்டு வர்றாங்க, பெரிய பெரிய அகராதியிலயே இருக்கு, உங்க பகுதி எழுதறவரைக் குறை சொல்ல முடியாது. இங்கிலீஷ், பிரெஞ்சு வழியா லத்தீன்லருந்து வாங்கிச்சு, லத்தீன் கிரேக்கத்துலருந்து வாங்கிச்சு, அதுவரைக்கும் எந்தச் சந்தேகமும் இல்ல. கிரேக்கத்துக்கு முன்னாடி என்னங்கறதுதான் கேள்வி.

அதுக்கு சாட்சி மண்ணுக்குள்ள இருந்துச்சு. கிரீட் தீவுல க்னோசஸ், கிரீஸ்ல பைலோஸ், மைசீனேன்னு பழைய அரண்மனைகளைத் தோண்டினப்போ நிறைய களிமண் பலகைங்க கிடைச்சுது, 3,200 வருஷத்துக்கும் மேல பழசு, அதுல இருந்த எழுத்தை லீனியர் பின்னு சொல்றாங்க. ரொம்ப வருஷம் யாராலயும் படிக்க முடியல. 1952ல மைக்கேல் வென்ட்ரிஸ்னு ஒரு கட்டடக் கலைஞர், ஆமா மொழிப் பேராசிரியர் இல்ல கட்டடக் கலைஞர், அது கிரேக்க மொழியோட ரொம்பப் பழைய வடிவம்னு கண்டுபிடிச்சு சொன்னார், அப்புறம் ஜான் சாட்விக் கூடச் சேந்து ஒவ்வொண்ணா படிச்சாங்க. பாத்தா பூரா கணக்கு, எத்தனை ஆடு, எவ்வளவு எண்ணெய், யாருக்கு என்ன கொடுத்ததுன்னு. அந்தக் கணக்குல கொத்தமல்லி இருக்கு! ஒரு இடத்துல கொ-ரி-ஜ-தோ-னோன்னு எழுதியிருக்கு, இன்னொரு இடத்துல கொ-ரி-அ-த-ன. கடைசியில த-ன, தோ-னோ வருது பாருங்க, அது கிரேக்கச் சொல்லுக்கு இருக்கிற வழக்கமான முடிவு இல்ல, கிரேக்கப் புராணத்துல வர்ற அரியாட்னேங்கற பேர்ல இருக்கிற ட்ன மாதிரி, கிரேக்கர்கள் வர்றதுக்கு முன்னாடி அந்த நிலத்துல இருந்த மொழியோட மிச்சம்னு நினைக்க வைக்கிற முடிவு. அப்போ கிரேக்கமும் இந்தப் பேரைக் கடன்தான் வாங்கியிருக்கு. கடன் வாங்கின சொல்லுக்கு கிரேக்கத்துல வேர் தேடி மூட்டைப்பூச்சியைக் கண்டுபிடிச்சா அது எப்படி நிக்கும்?

இன்னொண்ணு. பைலோஸ்ல கிடைச்ச ஒரு பலகையில இந்தச் சரக்கு யாருக்குப் போயிருக்குன்னு பாத்தா, வாசனைத் தைலம் காய்ச்சறவருக்கு. விதை காய்ஞ்சதும் பச்சையில இருந்த வாடை போயிடும், லினலூல்ங்கற வாசனைப் பொருள் தூக்கலா நிக்கும், அதனாலதான் தைலக்காரருக்கு அது தேவைப்பட்டிருக்கு. அந்தக் காலத்து ஆளுங்களுக்கு இது முதல்ல ஒரு வாசனைச் சரக்கு. இது மட்டும் மூட்டைப்பூச்சி கதையை உடைச்சிடும்னு சொல்லல, ஆனா சொல்லோட முடிவையும் சேத்துப் பாத்தா கதைக்குக் கால் ரொம்ப பலவீனம்.

அப்படின்னா அந்தக் கதை ஏன் இவ்வளவு நாள் தாக்குப்பிடிச்சுது? ஏன்னா அதுல பாதி நிஜம் இருக்கு. கொத்தமல்லி இலையோட வாசத்துக்குக் காரணம் ஆல்டிஹைடுன்னு சொல்ற ஒரு வகை வேதிப்பொருள், மூட்டைப்பூச்சி ஆபத்து வந்தா வெளிய விடற வாடையிலயும் ஆல்டிஹைடுதான் இருக்கு, ரெண்டும் ஒரே பொருள் இல்லேன்னாலும் நெருங்கின சொந்தம். சிலருக்கு இந்த இலை சோப்பு மாதிரி அடிக்கும், அது பழக்கம் மட்டும் இல்ல, 2012ல வெளிவந்த ஒரு மரபணு ஆய்வுல ஓஆர்6ஏ2ன்னு ஒரு மோப்ப மரபணு இருக்கிற இடத்துக்கும் இதுக்கும் தொடர்பு இருக்குன்னு காட்டினாங்க. அதனால ஒரு கிரேக்கர் இலையைக் கசக்கி மோந்துட்டு, அட கோரிஸ், அதனாலதான் கொரியான்னோன்னு சொல்லியிருந்தா அவர் மூக்கு பொய் சொல்லல. ஆனா அது பேரு வந்த காரணம் இல்ல, ஏற்கனவே இருந்த பேருக்கு மூக்கு கொடுத்த காரணம்.

நான் முதல்ல சொன்ன ஒற்றுமை இதுதான். ஒரே செடி ரெண்டு திசையில ரெண்டு வேற வேற பேரோட போச்சு. மேற்குல அர்த்தம் புரியாத ஒரு பேரு கிரேக்கர் காதுல விழுந்துச்சு, அவங்க அதுக்குள்ள மூட்டைப்பூச்சியைக் கேட்டாங்க. கிழக்குல அர்த்தம் புரியாத இன்னொரு பேரு தமிழர் காதுல விழுந்துச்சு, நாம அதுக்குள்ள மல்லியைக் கேட்டோம். அவங்க மூக்கால விளக்கினாங்க, நாம கண்ணால பூக்கொத்தைப் பாத்து விளக்கினோம். நீங்க ஒரே பத்தியில இந்த ரெண்டு கதையையும் பக்கத்துல பக்கத்துல அச்சடிச்சிருந்தீங்க, ரெண்டும் ஒரே மாதிரி நடந்த விஷயம்னு ஒரு வரி சேத்திருந்தா அது எவ்வளவு நல்ல கட்டுரை ஆகியிருக்கும்! இது மாதிரி இன்னும் உண்டு, இங்கிலீஷ் மின்ட்டுக்கு மூலமான கிரேக்கச் சொல் மிந்தே, அந்த ந்த சத்தமும் கொரிந்த் ஊர்ப் பேர்ல வர்ற மாதிரி கிரேக்கத்துக்கு முந்தின மொழியோடதுன்னு சொல்றாங்க, ஆனா மிந்தேங்கற ஒரு தேவதை செடியா மாறிட்டான்னு கிரேக்கர்கள் ஒரு புராணமே வச்சிருந்தாங்க. புரியாத பேருக்கு ஒரு கதை வச்சுக்கறது மனுஷ சுபாவம், அதுல தப்பே இல்ல, அந்தக் கதையையும் சேத்து சொல்லணும், ஆனா கதைன்னு சொல்லிட்டு சொல்லணும்.

இந்த ரெண்டு பேரும் அதுக்கப்புறம் போன தூரம் இன்னும் சுவாரஸ்யம். மேற்குப் பேரு போர்ச்சுகீசுல கோயென்ட்ரோ ஆகி கப்பல் ஏறி ஜப்பான் வரைக்கும் போய் அங்க கோயென்டோரோ ஆச்சு. இத்தாலியில திருவிழாவுல ஒருத்தர் மேல ஒருத்தர் வீசிக்கற கலர் காகிதத்துண்டுக்கு கொரியாந்தொலின்னு பேரு, ஏன்னா ஒரு காலத்துல வீசினது சக்கரைப் பூச்சு போட்ட கொத்தமல்லி விதை, விதை போய் காகிதம் வந்தும் பேரு மட்டும் ஒட்டிக்கிச்சு. கிழக்குப் பேரு மலாய், இந்தோனேசிய மொழியில கெத்தும்பார், அதுல தும்ப அப்படியே நிக்குது பாருங்க. சீனாவுல பழைய பேரு ஹூசுய், முன்னாடி வர்ற ஹூவுக்கு வடமேற்குப் பக்கத்து அந்நியர்னு அர்த்தம், அதாவது வெளியிலருந்து வந்ததுன்னு பேர்லயே எழுதி வச்சுட்டாங்க. ஸ்பானிஷ்ல சிலான்ட்ரோவோட அண்ணன் மாதிரி குலான்ட்ரோன்னு ஒண்ணு, அது இப்ப நிறைய இடத்துல நீளமா ரம்பப் பல் மாதிரி ஓரம் இருக்கிற வேற ஒரு செடியைக் குறிக்குது, வாசம் கிட்டத்தட்ட ஒண்ணுதான், செடி வேற. பேரை மட்டும் நம்பிச் செடியை எடுத்தா எப்படிக் குழப்பம் வரும்ங்கறதுக்கு இது ஒண்ணே போதும், அதனாலதான் 1753ல தாவரவியல் அறிஞர் லின்னேயஸ் வச்ச கொரியாண்ட்ரம் சட்டைவம்ங்கற பேரை மூலிகை பத்தி எழுதும்போது கூடவே போடணும்னு கேக்கறேன், சட்டைவம்னா பயிர் செய்யறதுன்னு அர்த்தம்.

எனக்கும் ஆசை வர்ற இடம் ஒண்ணு இருக்கு. அரபியில இந்தச் செடிக்கு குஸ்பரா. அதுக்கும் முன்னாடி பழைய பாபிலோன் பக்கத்து அக்காடிய மொழியில கிசிபிர்ரு. இதை குஸ்தும்பரிக்குப் பக்கத்துல வச்சா கை துறுதுறுங்குது, க, ஸ, ப, ர எல்லாம் வரிசையா நிக்குது, செடியோட ஊரும் அந்தப் பக்கம்தான். ஆனா நடுவுல இருக்கிற தும் எங்கருந்து வந்துச்சு, எந்த வழியா வந்துச்சுன்னு புஸ்தகம் பொத்தகம் மாதிரி ஒரு ஜோடி காட்டாம இதை முடிவுன்னு எழுதினா நானும் மூட்டைப்பூச்சி கதைதான் சொல்றேன்னு ஆயிடும். அதனால பக்கத்துல வச்சுப் பாக்கலாம், ஒட்ட வேண்டாம்.

இவ்வளவு தூரம் எழுதறதுக்குக் காரணம் உங்க பகுதி மேல இருக்கிற அக்கறைதான். அதை ஸ்கூல்ல நோட்டீஸ் போர்டுல ஒட்டறாங்க, பசங்க ப்ராஜெக்டுக்கு வெட்டி எடுத்துக்கறாங்க, பேப்பர்லயே வந்துடுச்சுன்னு வாட்ஸ்அப்ல ஃபார்வர்டு ஆகுது, அப்புறம் பத்து வருஷம் கழிச்சு யாராவது மறுத்தா கூட நம்பமாட்டாங்க. துளசின்னா ஒப்பில்லாததுன்னு அர்த்தம்னு எல்லா இடத்துலயும் வருது, புராணம் சொல்ற விளக்கம் அது, பக்தியோட படிக்க வேண்டியது, ஆனா சொல்லோட பிறப்புன்னு போட்டா அது வேற வேலை. இந்த ரெண்டு வேலையும் கலந்துபோனா அடுத்த தலைமுறைக்கு எது ஆதாரம் எது கதைன்னு பிரிக்கற பழக்கமே வராது.

உங்ககிட்ட நான் கேக்கறது, கொத்தமல்லி பத்தி இன்னொரு தடவை எழுதுங்க, கொத்தம்பரி, கொத்திமீர, கோதிம்பீர் எல்லாத்தையும் வரிசையா போட்டு, மல்லி எங்க வந்து சேந்துச்சுன்னு வாசகரே பாக்கற மாதிரி. மூட்டைப்பூச்சியைப் பத்தி எழுதும்போது இப்படி ஒரு விளக்கம் ரொம்ப நாளா இருக்கு, அதைவிடப் பழைய களிமண் பலகை வேற மாதிரி சொல்லுதுன்னு சேத்துக்கங்க. உருளரிசியை மறக்காதீங்க. இனிமே எந்த மூலிகைப் பேரைப் பிரிச்சாலும் தெலுங்கு, கன்னடம், மலையாளத்துல என்ன சொல்றாங்கன்னு ஒரு வரி பக்கத்துலயே வரட்டும், அந்த ஒரு வரிக்கு அரை அங்குல இடம் போதும். தூதுவளையும் கரிசலாங்கண்ணியும் இன்னும் உங்க பகுதியில வரல, ரெண்டையும் இந்த முறையில எழுதினா படிக்கக் காத்திருக்கேன்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகர்